மக்கடாமியா மரமும் அதோட பேர்க் குழப்பமும்: திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகள்

நான் இருக்கறது ஆஸ்திரேலியாவுல, பிரிஸ்பேன் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு மக்கடாமியா மரம் நிக்குது. ஊர்ல இருந்து யார் வந்தாலும், இங்கயே இருக்கற நம்ம ஆளுங்க யார் சாப்பாட்டுக்கு வந்தாலும், கீழ கிடக்கற கொட்டைய ஒண்ணு எடுத்து உருட்டிக்கிட்டே அதே பத்துப் பதினஞ்சு கேள்விதான் கேப்பாங்க. நான் தாவரவியல் படிச்சவன் இல்ல, ஆனா பதில் சொல்லிச் சொல்லியே கொஞ்சம் படிச்சு வச்சிருக்கேன். இனிமே லிங்க் அனுப்பிட்டு டீ போடப் போயிடலாம்னு எழுதி வைக்கறேன்.

இது என்னங்க கொட்டை, முந்திரி ஜாதியா பாதாம் ஜாதியா?

ரெண்டும் இல்ல. முந்திரி மாமரத்தோட குடும்பம், பாதாம் ரோஜாவோட குடும்பம், இது புரோட்டியேசி குடும்பம். அந்தப் பேரைக் கேட்டா நமக்கு ஒண்ணும் தோணாது, ஆனா நீலகிரி, வால்பாறை, ஏற்காடு, இலங்கை மலைநாடுன்னு டீ, காபி எஸ்டேட் பக்கம் போனவங்க எல்லாரும் இந்தக் குடும்பத்து மரம் ஒண்ணைக் கட்டாயம் பாத்திருப்பீங்க. நிழலுக்கு வரிசையா நட்டு மிளகுக்கொடி ஏத்தி விட்டிருப்பாங்களே, இலைக்கு அடிப்பக்கம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்குமே, அந்த சில்வர் ஓக். அதுக்கும் ஓக் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மக்கடாமியா காட்டுல வளர்ற அதே தென்கிழக்கு குயின்ஸ்லாந்து, வடக்கு நியூ சவுத் வேல்ஸ்தான் சில்வர் ஓக்குக்கும் சொந்த ஊர். ஒரே ஊர்க்காரங்க, ஒண்ணு நம்ம மலைக்கு நிழல் குடுக்க வந்துச்சு, இன்னொண்ணு பாக்கெட்ல அடைச்சு ஏர்போர்ட் கடையில விக்குது.

மக்கடாமியாவா மெக்கடேமியாவா, எப்படிச் சொல்றது?

இங்க உள்ளவங்க மெக்கடேமியான்னு இழுத்துச் சொல்வாங்க. எனக்கு மக்கடாமியா வாய்ல வருது, யாரும் திருத்தினது இல்ல. தாவரப் பேர் எழுத்துல மாறக்கூடாது, உச்சரிப்புல அவ்வளவு கெடுபிடி கிடையாது. ஜான் மெக்காடம்னு ஒருத்தர் பேர்ல இருந்து வந்தது இது. ஸ்காட்லாந்துல மெக்குன்னா மகன், அதனால மெக்காடம்னா ஆதாம் மகன். பாதாமுக்குப் போட்டியா ஆதாம்னு என் மச்சான் ஜோக் அடிச்சான், அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல.

அந்த மெக்காடம்தானே கல் ரோடு போட்டவரு? ஸ்கூல்ல படிச்சிருக்கோமே.

இல்லைங்க, இது வேற ஆள். ஜல்லிய அடுக்கடுக்கா இறுக்கி ரோடு போடற முறைய கொண்டு வந்தவர் ஜான் லவுடன் மெக்காடம், அவர் 1836-லயே செத்துட்டார். நம்மாளு 1827-ல கிளாஸ்கோ பக்கம் பொறந்த ஜான் மெக்காடம். கெமிஸ்ட்ரி வாத்தியார், டாக்டர், மெல்போர்னுக்கு வந்து அரசியல்லயும் இறங்கி அங்க சட்டசபை மெம்பர் ஆனவர். 1858-ல மெல்போர்ன்ல ரெண்டு ஸ்கூல் பசங்களுக்கு நடுவுல நடந்த புட்பால் மேட்ச்ல அம்பயரா நின்னவங்கள்ல இவரும் ஒருத்தர், ஆஸ்திரேலிய புட்பால் வரலாற்றுல அந்த மேட்சைப் பத்தி இன்னிக்கும் பேசறாங்க.

அப்ப விக்டோரியா காலனிக்கு அரசாங்கத் தாவரவியலாளரா இருந்தவர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர்னு ஒரு ஜெர்மன்காரர். மெக்காடம் செயலாளரா இருந்த அறிவியல் சங்கத்துல இவரும் ஒருத்தர். புதுசா ஒரு மரத்த விவரிச்சு அந்தச் சங்கத்து வெளியீட்டுலயே 1858-ல போட்டப்ப, நண்பர் பேரை மரத்துக்கு வச்சுட்டார். அதாவது கொட்டையக் கண்டுபிடிச்சதுக்கோ வளத்ததுக்கோ கிடைச்ச பேர் இல்ல, நட்புக்குக் கிடைச்ச பேர். மெக்காடம் 1865-ல நியூசிலாந்துல ஒரு விஷக் கொலை வழக்குக்கு சாட்சி சொல்லக் கப்பல்ல போகும்போது வழியிலேயே இறந்துட்டார், வயசு 38.

தமிழ்ல இதுக்கு ஒரு நல்ல பேர் வைக்கக்கூடாதா?

வைக்கலாம், யார் தடுத்தா. ஆனா ஊர்ப்பேர் எப்படி மாறும்னு நமக்குத் தெரியாததா? நாட்டு வாதுமைன்னு தெருவோரம் நிக்கற மரமும் கடையில வாங்கற வாதுமையும் வேற வேற. யாழ்ப்பாணத்துக்காரர்கிட்ட முந்திரிகை கேட்டா திராட்சையக் குடுப்பார், நம்ம முந்திரிப்பருப்புக்கு அவங்க மரமுந்திரிகை, கஜுன்னு சொல்வாங்க. இந்தக் குழப்பம் வேணாம்னுதான் உலகம் முழுக்க ஒரே தாவரப் பேர்.

இன்னொண்ணு, இந்த மரத்துக்குப் பேரே இல்லாம முல்லர் வந்து வச்சார்னு நெனைக்காதீங்க. இந்த மண்ணோட ஆதிக்குடிகள் ஆயிரக்கணக்கான வருஷமா இதைப் பொறுக்கி உடைச்சுத் தின்னிருக்காங்க, கிண்டல் கிண்டல், ஜிண்டில்லி, பூம்பெரான்னு ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு பேர். மவுண்ட் பாப்பிள்ங்கற மலைய வச்சு பாப்பிள் நட்னு சொல்ற பெருசுங்க இன்னும் இருக்காங்க, குயின்ஸ்லாந்து நட்னும் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. கிண்டல் கிண்டல் நமக்குக் கேக்க வேற மாதிரி இருக்கும், என் பசங்க சிரிச்சு உருண்டாங்க, ஆனா மெக்காடத்துக்குப் பதிலா அதுவே நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

பேர் ஏன் ரெண்டு ரெண்டு வார்த்தையா இருக்கு, கடைசியில ஆள் பேர் வேற ஒட்டிக்கிட்டு இருக்கே?

முதல் வார்த்தை குடும்பப் பேர் மாதிரி, பேரினம். ரெண்டாவது அந்த மரத்தோட சொந்தப் பேர், சிற்றினம். இந்த ரெண்டு வார்த்தை கணக்கு 1753-ல லின்னேயஸ் போட்ட புத்தகத்துல இருந்து ஆரம்பிக்குது. பின்னாடி வர்ற ஆள் பேர், அந்தப் பேரை முறைப்படி வெளியிட்டது யாருன்னு காட்டும். மக்கடாமியா டெர்னிஃபோலியா, எஃப். முல்லர்னு இருந்தா வச்சவர் முல்லர். மக்கடாமியா இன்டெக்ரிஃபோலியா, மெய்டன் அண்ட் பெட்ச்னு இருந்தா சிட்னி தாவரவியல் பூங்காவுல வேலை பாத்த அந்த ரெண்டு பேர். மத்தபடி நீங்க பேசும்போது ஆள் பேரைச் சொல்ல வேண்டியதில்ல.

மொத்தம் எத்தனை வகை, அதுல எதைத் திங்கலாம்?

இன்னிக்குக் கணக்குல நாலே நாலு. எல்லாமே கிழக்கு ஆஸ்திரேலியா. திங்கறது ரெண்டு: இன்டெக்ரிஃபோலியா, டெட்ராஃபில்லா. கடையில வர்றது பெரும்பாலும் இன்டெக்ரிஃபோலியா, இல்லன்னா இந்த ரெண்டும் சேந்த கலப்பு. டெர்னிஃபோலியா சின்னக் கொட்டை, கசப்பு, சயனைடு விடற சரக்கு உள்ள இருக்கு, அதைத் திங்காதீங்க. நாலாவது ஜான்செனி, அதுவும் சின்னக் கொட்டை, கசப்பு. அது 1983-லதான் கண்ணுல பட்டது, பாத்தவர் ரே ஜான்சென்னு ஒரு கரும்பு விவசாயி, மத்த மூணும் இருக்கற இடத்துக்கு ரொம்ப வடக்கே தள்ளி புல்புரின் காட்டுல. 1992-ல அவர் பேரையே வச்சாங்க. பேர் கடைசியில வர்ற அந்த ஈகாரத்துக்கு லத்தீன்ல 'அவருடைய'ன்னு அர்த்தம், ஜான்செனோட மக்கடாமியா. காட்டுல இது அழிவோட விளிம்புல நிக்குது. மத்த மூணும் காட்டுல கம்மியாகிட்டேதான் வருது, தோட்டத்துல கோடிக்கணக்குல இருக்கறத பாத்து ஏமாறக்கூடாது.

இலைய எண்ணியே எந்த வகைன்னு சொல்லிடலாமாமே?

ஓரளவுக்கு. ஒரு கிளையப் பிடிச்சு கணுவப் பாருங்க, இலை ஜோடி ஜோடியா இருக்காது, கணுவச் சுத்திக் குடை விரிச்ச மாதிரி நிக்கும். மூணு இலை இருந்தா இன்டெக்ரிஃபோலியா இல்லன்னா டெர்னிஃபோலியா, நாலு இருந்தா டெட்ராஃபில்லா. டெட்ராஃபில்லான்னாலே கிரேக்கத்துல நாலு இலை. அதோட இலை நீளம், விளிம்பு பூரா முள்ளு, காம்பு இருக்கா இல்லையான்னே தெரியாது, தாழம்பூ மடல் மாதிரி கையக் கிழிச்சுடும். பூ ரோஸ் கலர், கொழுந்தும் செவப்படிச்ச மாதிரி இருக்கும். இன்டெக்ரிஃபோலியா பூ வெள்ளையா கிரீம் கலர்ல சரம் சரமா தொங்கும், கொழுந்து வெளிர் பச்சை. கொட்டைய எடுத்தா இன்டெக்ரிஃபோலியா ஓடு கோலி குண்டு மாதிரி வழவழன்னு, டெட்ராஃபில்லா ஓடு லேசா சொரசொரன்னு ரெண்டு பக்கமும் கூம்பின மாதிரி.

இதுல மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு. இன்டெக்ரிஃபோலியான்னா 'விளிம்பு வெட்டுப்படாத இலை'ன்னு அர்த்தம், ஆனா சின்னக் கன்னுல விளிம்பு பூரா பல்லு பல்லாத்தான் இருக்கும், மரம் வளந்தப்புறம்தான் பேருக்கு ஏத்த மாதிரி மாறும். நர்சரியில கன்னைப் பாத்து இது இன்டெக்ரிஃபோலியாவே இல்லன்னு சண்டை போட்டவங்களை எனக்குத் தெரியும். கலப்பு மரமா இருந்தா ஒரே கிளையில மூணும் வரும் நாலும் வரும்.

எங்க வீட்டு பழைய புக்குல திங்கற மக்கடாமியாவுக்கு டெர்னிஃபோலியான்னு போட்டிருக்கே? நீங்க விஷம்ங்கறீங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். புக்கும் தப்பு, நீங்க திங்கறதும் சரி. நடந்தது இதுதான். 1858-ல முல்லர் கையில இருந்தது கசப்பு மரத்தோட காஞ்ச கிளை. அதுல கணுவுக்கு மூணு இலை, அதனால டெர்னிஃபோலியா, மூணு மூணா இலை. அப்ப இருந்த பேர் அது ஒண்ணுதான். அப்புறம் காட்டுல நல்ல கொட்டை போடற பெரிய மரங்களைப் பாத்தவங்களும், அதுலயும் மூணு இலைதானே, சரி இதுவும் அதேதான்னு அந்தப் பேரையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. 1897-ல மெய்டனும் பெட்சும் வழவழ ஓட்டு மரத்தைத் தனியாப் பிரிச்சு இன்டெக்ரிஃபோலியான்னு பேர் குடுத்தாங்க, ஆனா பழக்கம் விடல. சொரசொர ஓட்டு மரத்துக்கோ 1954-ல எல்.ஏ.எஸ். ஜான்சன் டெட்ராஃபில்லான்னு வைக்கற வரைக்கும் சொந்தப் பேரே கிடையாது, அது வரைக்கும் அதுவும் டெர்னிஃபோலியா கணக்குலதான் ஓடிச்சு.

ஆக 1950-கள் வரைக்கும் ஹவாய்ல, கலிபோர்னியாவுல, எங்க பாத்தாலும் தோட்டக்கலைப் புத்தகத்துல திங்கற மரத்துக்கு விஷ மரத்தோட பேர். யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஏன்னா தோட்டத்துல நட்டது நல்ல மரம்தான், தாள்ல மட்டும்தான் தப்பு. ஆனா இன்னிக்கும் பழைய புக்கைப் பாத்து எழுதறவங்க மூலமா அந்தத் தப்பு உலாவிட்டு இருக்கு. 1950-கள்லயோ அதுக்கு முன்னாடியோ வந்த எதையாவது படிச்சு டெர்னிஃபோலியான்னு பாத்தீங்கன்னா, எழுதினவர் எதைச் சொல்றார்னு கொட்டையோட வர்ணனையப் பாத்து முடிவு பண்ணுங்க.

அப்ப கசக்கற மரம்கிட்ட இருந்து அந்தப் பேரைப் பிடுங்கி நல்ல மரத்துக்குக் குடுத்திருக்கலாமே, எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டாங்க?

நியாயமாத்தான் படும், ஆனா விதி ஓட்டுப் போட்டு நடக்கறதில்ல. ஒரு தாவரப் பேர் எதுல கட்டியிருக்குன்னா, அதை வச்சவர் பாத்த மாதிரிக் கிளையில. காயவச்சு, தாள்ல ஒட்டி, தேதி இடம் எழுதி, ஹெர்பேரியம்னு சொல்ற செடி ஆவணக் காப்பகத்துல பத்திரமா வச்சிருப்பாங்க. சந்தேகம் வந்தா அந்தத் தாளை எடுத்துப் பாக்கணும், அந்தத் தாள்ல இருக்கற செடி எதுவோ அதுக்குத்தான் பேர். பத்திரத்துல இருக்கற சர்வே நம்பர் மாதிரின்னு வச்சுக்குங்க, ஊரே ஒரு நிலத்த உங்க நிலம்னு சொன்னாலும் நம்பர் பக்கத்து வயலோடதுன்னா பக்கத்து வயல்தான். முல்லரோட கிளை கசப்பு மரம், முடிஞ்சது.

அதுலயும் பெரிய வேடிக்கை, மக்கடாமியாங்கற பேரினத்துக்கே அடையாள மரம் டெர்னிஃபோலியாதான். நாளைக்கு யாராவது ஆராய்ச்சி பண்ணி நாலையும் ரெண்டு ரெண்டாப் பிரிச்சாங்கன்னு வைங்க, விதிப்படி மக்கடாமியாங்கற பேர் கசப்பு மரத்தோட போயிடும், டப்பாவுல இருக்கறது வேற பேருக்கு மாறணும். பிரிய மாட்டாங்க, நெருங்கின சொந்தம், பயப்படாதீங்க.

சுலவேசி, நியூ கலிடோனியாவுலயும் மக்கடாமியா இருக்குன்னு படிச்சேனே, நீங்க நாலுதான்ங்கறீங்க?

நீங்க படிச்சதும் ஒரு காலத்துல சரி. நியூ கலிடோனியா மரங்களுக்கு இப்ப விரோட்டியான்னு தனிப் பேர். சுலவேசியில இருக்கறது, குயின்ஸ்லாந்தோட வடகோடி மழைக்காட்டுல இருக்கறது, இதெல்லாம் மக்கடாமியாவாத்தான் இருந்துச்சு. 2008-ல டிஎன்ஏ வச்சுப் பாத்தப்ப இந்த வடக்கு மரங்களும் தெற்குல இருக்கற நம்ம நாலும் நேர் பங்காளி இல்லன்னு தெரிஞ்சுது, தென் அமெரிக்காவுல இருக்கற பானோப்சிஸ், தென்னாப்பிரிக்காவுல இருக்கற பிராபேயம் எல்லாம் அந்தச் சொந்தத்துக்குள்ள வந்து நிக்குது. அதனால வடக்கு மரங்களைத் தனியாப் பிரிச்சுட்டாங்க.

பிரிச்சதுக்கு வச்ச பேரைப் பாருங்க: லாஸ்ஜியா. மேல டெட்ராஃபில்லாவுக்குப் பேர் வச்சவர்னு சொன்னேனே, லாரன்ஸ் அலெக்சாண்டர் சிட்னி ஜான்சன், அவரோட இனிஷியல் நாலையும் சேத்துப் படிங்க. எல்.ஏ.எஸ்.ஜே. லாஸ்ஜியா. மெக்காடத்துக்கு நட்புக்குக் கிடைச்ச மரியாதை இவருக்கு உழைப்புக்குக் கிடைச்சிருக்கு, எனக்கு இதுல பெரிய திருப்தி.

இது ஹவாய் கொட்டைதானே, பாக்கெட்ல அப்படித்தானே போட்டிருக்கான்?

பேக்கிங்தான் ஹவாய், பொறந்தது இங்க. 1880-கள்ல வில்லியம் பர்விஸ்னு கரும்புத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் விதை கொண்டு போய் ஹவாய் பெரிய தீவுல போட்டார். பெரிய அளவுல நட்டு, நல்ல மரமாப் பொறுக்கி, ஒட்டு கட்டி, வியாபாரமாக்கினது அவங்கதான், அதை ஒத்துக்கணும். 344, 741ன்னு நம்பர் போட்ட ரகமெல்லாம் அங்க தேர்வு பண்ணினது, அதே மரங்களை ஆஸ்திரேலியாக்காரனே திரும்ப வாங்கி நட்டான். 2019-ல வந்த மரபணு ஆய்வு ஒண்ணு ஹவாய் ரகங்கள்ல ரொம்பப் பெரும்பாலானது ஜிம்பி ஊர்ப் பக்கத்துல ஒரு சின்ன இடத்துக் காட்டு மரங்கள்ல இருந்து போனதுன்னு காட்டிச்சு. என் வீட்ல இருந்து காரை எடுத்தா ரெண்டு மணி நேரம் ஜிம்பி. இன்னிக்கு விளைச்சல்ல முன்னாடி நிக்கறது தென்னாப்பிரிக்கா.

இது நட்டே இல்ல, விதைன்னு ஒருத்தன் சண்டைக்கு வர்றான், நிஜமா?

தாவரவியல்படி அவன் சொல்றது சரி. மரத்துல பச்சையா உருண்டையாத் தொங்கறதுதான் பழம். அந்தப் பச்சைத் தோல் ஒரு பக்கமா வெடிச்சுத் திறக்கும், உள்ள இருக்கற பழுப்பு ஓடு விதையோட தோல், அதுக்குள்ள வெள்ளைப் பருப்பு. சிலதுல ரெண்டு விதை இருந்து பாதிக் கொய்யா மாதிரி தட்டையா வரும். ஓட்டுல சின்னதா ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், பாத்திருக்கீங்களா, முளை வெளிய வர்ற வழி அது. சுத்தியல்ல அடிச்சா வழுக்கி ஓடிடும். நான் பட்டறை வைஸ்ல வச்சு மெதுவா இறுக்குவேன், டப்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்க அம்மா வந்தப்ப அம்மிக்குழவியக் கேட்டாங்க, இங்க அது எங்க போறது.

ஊர்ல மலைப் பக்கம் நிலம் இருக்கு, கன்னு வைக்கலாமா? நர்சரிக்காரன் இன்டெக்ரிஃபோலியான்னு சொல்லித் தர்றான்.

சில்வர் ஓக் நல்லா வர்ற இடம்னா முயற்சி பண்ணலாம், ஆனா பனி உறையற இடத்துல சின்னக் கன்னு கருகிடும். நர்சரியில பேர் மட்டும் கேக்காதீங்க, விதைக் கன்னா ஒட்டுக் கன்னான்னு கேளுங்க. விதைக் கன்னு தாய் மாதிரியே வராது, காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகலாம், ஒட்டுன்னா நாலஞ்சுல பாக்கலாம். ஒட்டுக்கு ரகத்தோட பேர் ஒற்றை மேற்கோள்ல எழுதியிருக்கணும், உதாரணமா 'பியூமான்ட்', அது இன்டெக்ரிஃபோலியாவும் டெட்ராஃபில்லாவும் கலந்தது. ரகப் பேர் இல்லாம வெறும் இன்டெக்ரிஃபோலியான்னா என்ன கொட்டை வரும்னு சத்தியமா யாராலயும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, டிஏபி மாதிரி பாஸ்பரஸ் உரத்த அள்ளிக் கொட்டாதீங்க. இந்தக் குடும்பம் பாஸ்பரஸ் இல்லாத மண்ணுல பொழைக்கவே புருசு மாதிரி கொத்து வேர் விட்டுப் பழகினது, அதிகமாக் குடுத்தா இலை மஞ்சளாகிக் கெட்டுப் போகும்.

நாய்க்குப் போடலாமா?

கூடாது. பின்னங்கால் தளந்து போகும், நடுக்கம், வாந்தி வரும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும், ஆனாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க. இது டெர்னிஃபோலியா விஷம் இல்ல, மனுஷன் திங்கற நல்ல கொட்டையே நாய்க்கு ஆகாது.

என் வீட்டு மரத்துக்கு டேக் விழுந்து போச்சு, என்ன பேர்னு எழுதி வைக்கறது?

மேல சொன்ன மாதிரி இலை, பூ, கொழுந்து, ஓடு நாலையும் பாருங்க. நாலும் ஒரே பக்கம் சாஞ்சா தைரியமா எழுதலாம். கலந்து வந்தா, கலப்புதான்னு தெரிஞ்சா, ரெண்டு பேருக்கு நடுவுல பெருக்கல் குறி போடறது வழக்கம். அதுவும் தெரியலன்னா மக்கடாமியான்னு முதல் வார்த்தையோட நிறுத்திக்கறது தப்பே இல்ல, தெரியாம ரெண்டாவது வார்த்தையச் சேக்கப் போய்த்தான் அறுபது எழுபது வருஷம் புக்கெல்லாம் அப்படி ஆச்சு.

என் ரெண்டாவது மரத்துல கணுவுக்கு சில இடத்துல மூணு, சில இடத்துல நாலு, பூ வெள்ளைன்னும் சொல்ல முடியாது ரோஸ்னும் சொல்ல முடியாது. அதுல தகரத் துண்டுல ஆணியால கீறி 'மக்கடாமியா, 2014-ல வச்சது'ன்னு மட்டும் கட்டி விட்டிருக்கேன்.